ஹோய் ஆனில் நான்கு நாளில் துணி தைத்து வாங்குவது: எதைத் தைக்கலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி இது: "அக்டோபர் கடைசியில் வியட்நாம் போகிறோம். ஹோய் ஆனில் நான்கு இரவு தங்கல். தம்பியின் கல்யாண வரவேற்புக்கு எனக்கு ஒரு கோட்டு சூட், ஆபீசுக்கு நாலு சட்டை, மனைவிக்கு ஒரு ஆவ் யாய், ஒரு நீள கவுன் தைக்க ஆசை. 24 மணி நேரத்தில் தைத்துத் தருவோம் என்று கடைகள் சொல்வதை நம்பலாமா? எவ்வளவு ஆகும்?"

முதலில் சுருக்கமாக. சட்டையையும், வியட்நாமியரின் மரபு உடையான ஆவ் யாயையும் தயங்காமல் தைக்கலாம். கோட்டு சூட்டுக்கு நான்கு இரவு போதும், ஆனால் போய் இறங்கிய அன்றே அளவு கொடுத்துவிட வேண்டும். கவுன், நீங்கள் கையில் கொண்டுபோகும் படத்தைப் பொறுத்தது. 24 மணி நேரத்தில் தருவோம் என்பது பொய்யில்லை, உண்மையிலேயே தந்துவிடுவார்கள். உங்களுக்கு வரும் கஷ்டமே அதுதான்.

தேதியை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். அக்டோபரும் நவம்பரும் அங்கே வெள்ள மாதங்கள். தூ போன் ஆறு ஏறினால் பழைய ஊரில் முதலில் பாக் டாங் ஆற்றோரத் தெரு மூழ்கும், அப்புறம் உள்ளே இருக்கும் தெருக்கள். 2025 அக்டோபர் இறுதியிலும் ஊர் தண்ணீரில்தான் கிடந்தது. கடைக்காரர்களுக்கு இது பழக்கம், துணியை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். ஆனால் உங்கள் நான்கு நாளில் இரண்டு நாள் போய்விட்டால் டிரையல் பார்க்க நாள் இருக்காது. பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை மழை குறைவு. வியட்நாமியப் புத்தாண்டான டெட் ஜனவரி 20க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவில் ஏதோ ஒரு நாளில் வரும். அதை ஒட்டிய வாரம் தையல்காரர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், அதையும் தவிருங்கள். மார்ச், ஏப்ரல் நல்ல காலம்.

இந்தச் சின்ன ஊரில் நூற்றுக்கணக்கில் தையல் கடைகள் ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் பிடிபடும். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை இது பெரிய துறைமுகம். ஜப்பானியரும் சீனரும் இங்கேயே வீடு கட்டிக் குடியிருந்து வியாபாரம் செய்தார்கள். ஐரோப்பியர் ஃபைஃபோ என்று அழைத்த ஊர் இதுதான். ஆற்றங்கரையோரம் முசுக்கொட்டை பயிரிட்டுப் பட்டு நெய்த பகுதி. பின்னால் ஆற்றின் வாயில் மணல் மேடிட்டது, கப்பல்கள் பக்கத்து ஊரான டா நாங்குக்குப் போய்விட்டன, ஊர் அப்படியே உறைந்து நின்றது. உறைந்து நின்றதாலேயே 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், அவர்களைப் பார்த்துத் தையல் கடைகள் பெருகின. ஆக இன்று அங்கே நடக்கும் தொழில், நாளை மறுநாள் ஊரைவிட்டுப் போகிறவருக்குத் தைத்துக் கொடுக்கும் தொழில். துணி, இயந்திரம், ஆள், கூலி எல்லாமே வேகத்துக்காக அமைந்தவை. அந்த வேகத்தை நீங்கள் எவ்வளவு மட்டுப்படுத்துகிறீர்களோ அவ்வளவு நல்ல துணி கிடைக்கும்.

கடையில் உங்களை அளப்பவர் பெரும்பாலும் தைப்பவர் இல்லை. முன்னால் இருப்பது துணிச் சுருளும் பொம்மைகளும் விற்பனைப் பெண்களும் உள்ள காட்சிக்கூடம். அளவுச் சீட்டும் துணியும் சாயங்காலம் ஸ்கூட்டரில் ஏறி ஊருக்கு வெளியே ஒரு பட்டறைக்கோ வீட்டுக்கோ போகும். ராத்திரி வெட்டித் தைத்து மறுநாள் திரும்பி வரும். ஒரே பட்டறை நாலைந்து கடைகளுக்குத் தைப்பதும் உண்டு. கட்டிங் மாஸ்டர் உங்களைப் பார்த்ததே இல்லை, அவர் பார்ப்பது சீட்டை மட்டும்தான். நீங்கள் வாயால் சொன்னது சீட்டில் ஏறாவிட்டால் சொல்லாததற்குச் சமம். பெரிய கடைகள் சில சொந்தப் பட்டறை வைத்திருக்கின்றன, கேட்டால் கூட்டிப்போய்க் காட்டும். "தைக்கும் இடத்தைப் பார்க்கலாமா?" என்ற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பார்க்கிறீர்களோ இல்லையோ, வரும் பதிலிலிருந்தே கடையின் தரம் தெரியும்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டல் வரவேற்பில் இருப்பவர், டாக்சிக்காரர், வழிகாட்டி யார் சொல்லும் பெயரையும் எடுக்காதீர்கள். அவர்களுக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில் இருந்துதான் போகும். நீங்களாக நடந்து போங்கள். டிரான் ஃபூ தெருவிலும் அதைச் சுற்றியும் கடைக்கு மேல் கடை. பொம்மைக்கு மாட்டியிருப்பதைப் பார்க்க வேண்டாம், அது மாதக்கணக்கில் நேரம் எடுத்துத் தைத்ததாகக்கூட இருக்கலாம். மற்ற வாடிக்கையாளர் எடுத்துப்போகக் காத்திருக்கும் உடுப்புகள் ஒரு கம்பியில் தொங்கும். அனுமதி கேட்டு அதில் ஒன்றின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் தையல் பிசிறு இல்லாமல் இருக்கிறதா, கோடு போட்ட துணியில் தையலின் இரு பக்கமும் கோடு ஒட்டுகிறதா, காஜா அடர்த்தியாக இருக்கிறதா, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கோட்டு சூட்டுக்கு இருபது அளவுக்கு மேல் எடுக்கும் கடை நல்லது. எட்டு அளவோடு டேப்பைச் சுருட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

ஊரின் மத்தியச் சந்தை பக்கம் துணிச் சந்தை ஒன்று இருக்கிறது. வரிசையாகத் தட்டிகள், தரையிலிருந்து உத்தரம் வரை துணி. விலை குறைவு, நெருக்கடி அதிகம், கையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குக் கூப்பிடுவார்கள். லினன் பேன்ட், வீட்டு உடுப்பு மாதிரி எளிய வேலைக்கு அது போதும். கோட்டு சூட்டுக்கு வேண்டாம்.

இனி துணி. ஏமாற்றம் அதிகமாக நடப்பது இங்கேதான். தையலில் வரும் தவறு கண்ணுக்குத் தெரியும், துணியில் வருவது தெரியாது. "கேஷ்மியர் கம்பளி", "இத்தாலியத் துணி", "நூறு சதவீதப் பட்டு" எல்லாம் அங்கே சகஜமாகப் புழங்கும் சொற்கள். துணியின் கரையில் மேட் இன் இட்டாலி என்று நெய்திருந்தாலும் அதை ஆதாரமாக எடுக்க முடியாது, கரையில் எதை வேண்டுமானாலும் நெய்யலாம். ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி அவர்களையே கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள், பல கடைகளில் லைட்டர் மேசையிலேயே இருக்கும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் தானே அணையப் பார்க்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி, லினன், விஸ்கோஸ் மூன்றும் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், கறுப்புப் புகை வரும், ஆறியதும் கடினமான மணியாகிவிடும். முடி நாற்றமும் வந்து மணியும் கட்டினால் அது கலப்பு. இந்தச் சோதனையில் கலப்பின் விகிதம் தெரியாது, கலப்பா இல்லையா என்பது தெரியும். அது போதும். நீளவாட்டு நூல், குறுக்கு நூல் இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள், ஏனென்றால் பாவு ஒன்றாகவும் ஊடு வேறாகவும் நெய்வது உண்டு.

கலப்புத் துணியே கூடாது என்பதில்லை. கலப்புத் துணியைக் கலப்பு விலைக்கு வாங்கினால் அதில் தப்பே இல்லை, சுருக்கம் குறைவாக விழும்.

கம்பளியில் சூப்பர் 100, சூப்பர் 120 என்று எண் சொல்வார்கள். அது இழையின் மென்மையைக் குறிக்கும் எண். 100 என்றால் இழையின் குறுக்களவு 18.75 மைக்ரானுக்குள், 120 என்றால் 17.75க்குள், 150 என்றால் 16.25க்குள். எண் ஏறினால் மென்மை ஏறும், கூடவே கசங்குவதும் தேய்வதும் ஏறும். சூப்பர் 150 வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை, 100 அல்லது 110 போதும். நம் ஊர் மண்டப வெக்கைக்கு எண்ணைவிட எடைதான் முக்கியம். மீட்டருக்கு 240 முதல் 260 கிராம் வரை உள்ள, காற்று புகும் சாதா நெசவுக் கம்பளியைக் கேளுங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நுண்ணிய துளைகள் தெரிய வேண்டும்.

லைனிங்கை யாரும் கேட்பதில்லை, வேர்த்துக் கொட்டுவதோ அதனால்தான். வழக்கமாகப் போடுவது பாலியெஸ்டர். பருத்தியிலிருந்து எடுக்கும் இழையான குப்ரோவில் லைனிங் இருக்கிறதா என்று கேளுங்கள், ஜப்பானிய பெம்பெர்க் என்று சொன்னால் புரியும். இல்லையென்றால் முதுகில் பாதி மட்டும் லைனிங் போடச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் உள்தையல் எல்லாம் வெளியே தெரியும், ஒவ்வொன்றையும் நாடா வைத்து முடிக்க வேண்டும். வேலை அதிகம், கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம்.

கோட்டின் உயிர் நெஞ்சுப் பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. மேல் துணிக்கு உள்ளே விறைப்புக்காக ஒரு அடுக்கு வைப்பார்கள். அதைப் பசை தடவி இஸ்திரி சூட்டில் ஒட்டுவது ஒரு முறை, குதிரைமுடி கேன்வாஸை ஒட்டாமல் தையலால் பிடிப்பது இன்னொரு முறை. 24 மணி நேரக் கோட்டு எதுவானாலும் ஒட்டியதுதான், தைப்பதற்கு நேரம் கிடையாது. ஒட்டிய கோட்டு முதல் நாள் கண்ணாடியில் நன்றாகவே நிற்கும். பசை சரியான சூட்டில் சரியான அழுத்தத்தில் ஒட்டியிருக்காவிட்டால் சில டிரை வாஷுக்குப் பிறகு நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதற்கு வைத்தியம் இல்லை. கீழ்ப் பொத்தான் பக்கம் துணியை இரு விரலால் கிள்ளி, மேல் துணியையும் உள் துணியையும் பிரித்து உருட்டிப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால் கேன்வாஸ். மேல் துணியே அட்டை போல இருந்தால் ஒட்டியது. நெஞ்சு வரை மட்டும் கேன்வாஸ் வைக்கும் பாதிக் கேன்வாஸ் முறை விலைக்கும் உழைப்புக்கும் நல்ல நடுவழி. அதற்கு மூன்று நாளாவது வேண்டும். ஒருநாள் வரவேற்புக்கு மட்டும் என்றால் ஒட்டியதே போதும், ஆனால் கேன்வாஸ் விலை கொடுத்து அதை வாங்காதீர்கள்.

சீட்டில் என்ன எழுத வேண்டும்? துணியின் எண், நிறம், லைனிங், பொத்தான் எத்தனை, பின்பக்கப் பிளவு ஒன்றா இரண்டா, பாக்கெட்டுக்கு மூடி உண்டா, பேன்ட்டுக்கு பிளீட் உண்டா, கீழ் மடிப்பு எப்படி, டிரையல் நாளும் நேரமும், மொத்த விலை, எந்த நாணயத்தில். இதோடு நீங்கள் தேர்ந்தெடுத்த சுருளிலிருந்தே ஒரு துண்டு வெட்டி பில்லில் பின் அடித்து வாங்குங்கள். டிரையலின்போது அந்தத் துண்டைக் கோட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பேரம் பேசி விலையைக் கீழே இறக்கினால் அவர்கள் இறக்குவது துணியின் தரத்தைத்தான். துண்டு கையில் இருந்தால் அது நடக்காது.

இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கோட்டின் பக்கவாட்டிலும் முதுகு நடுத் தையலிலும் 2 முதல் 3 சென்டிமீட்டர், பேன்ட்டின் பின் நடுத் தையலில் 4 சென்டிமீட்டர். ஊருக்கு வந்த பிறகு இரண்டு கிலோ ஏறினாலும் நம் டெய்லரே பிரித்துவிட்டுக் கொடுப்பார். துணியை மிச்சப்படுத்த ஒட்ட வெட்டிவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அளவு விஷயத்தில் இரண்டு குழப்பங்கள் வரும். அங்கே எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு. "அரை இன்ச் பிடிங்க" என்று சொன்னால் அரை சென்டிமீட்டராக எழுதிவிடுவார்கள். அதோடு, பக்கத் தையலில் 1 சென்டிமீட்டர் உள்ளே பிடித்தால் முன்துணியில் ஒன்று, பின்துணியில் ஒன்று போகும். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் 4 சென்டிமீட்டர் குறையும். எனவே எண்ணில் பேச வேண்டாம். சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள், ஊசி குத்தச் சொல்லுங்கள். அடுத்தது, உடம்பு அளவும் உடுப்பு அளவும் வேறு. நெஞ்சு 96 என்றால் கோட்டு 106 அல்லது 108 இருக்கும், மூச்சுவிட இடம் வேண்டுமே. இங்கிருந்து எழுதிக்கொண்டு போகும் அளவு எந்த வகை என்று சொல்லாமல் கொடுத்தால் உருப்படாது.

எழுதிய அளவைவிட நன்றாகப் பொருந்தும் அளவுச் சட்டை ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. இருப்பதைப் பார்த்து அப்படியே தைப்பதில் ஹோய் ஆன் தையல்காரர்கள் கெட்டிக்காரர்கள். பிரிக்காமல், மேசையில் விரித்து அளவெடுக்கச் சொல்லுங்கள்.

முதல் டிரையலுக்குப் போகும்போது அன்றைக்குப் போடப்போகும் ஷூவையும் சட்டையையும் போட்டுக்கொண்டு போங்கள். பாக்கெட்டில் போன் இருக்கக்கூடாது. லைனிங் மூடாமல், கையை வெள்ளை நூலில் ஓட்டி மட்டும் வைத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் முதல் டிரையலுக்கே முழுக் கோட்டாக வந்து நிற்கும், அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் "சின்னத் திருத்தம்" மட்டும்தான் நடக்கும்.

கண்ணாடி முன் முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே கையில் குழி விழுந்தால் தோள் அகலம். தோளைத் திருத்துவது கோட்டைப் புதிதாக வெட்டுவதற்குச் சமம், அதனால் தோள் தப்பென்றால் அதே துணியில் புதுத் துண்டு வெட்டி மறுபடி தைக்கச் சொல்லுங்கள், ஒட்டுப்போட ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்தது அக்குள். அவசரத் தையலில் கைக்குழியைத் தாழ்வாக வெட்டுவார்கள், எல்லாருக்கும் நுழையும் என்று. கையைத் தூக்கினால் கோட்டு முழுக்க மேலே ஏறினால் இதுதான் காரணம். வெட்டிய குழியை உயர்த்த முடியாது. பிடரியில் கோட்டுக் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ காலருக்குக் கீழே குறுக்கே மடிப்பு விழுந்தாலோ காலரைப் பிரித்துத் திருப்பி வைக்க வேண்டும். நாள் முழுக்கக் கணினியில் குனிந்திருப்பவர்களுக்கு இது அநேகமாக வரும். பொத்தான் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறி போலச் சுருக்கம் இழுத்தால் இடுப்பு இறுக்கம், இது சுலபமான திருத்தம். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கோட்டின் கையில் சாய்வாகச் சுருக்கம் சுற்றினால் கையைக் கழற்றிக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். சட்டையின் கஃப் 1 சென்டிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும். கைப் பொத்தான்களுக்கு உண்மையான காஜா வேண்டுமானால் நீளம் முடிவான பிறகு கடைசியில் அடிக்கச் சொல்லுங்கள். அடித்துவிட்டால் கையை அந்தப் பக்கத்திலிருந்து குறைக்க முடியாது.

பேன்ட்டைப் போட்டு நின்று மட்டும் பார்க்காதீர்கள். உட்காருங்கள், படி ஏறுங்கள், கடையிலேயே தரையில் சம்மணம் போட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. மண்டபத்தில் பெரியவர் காலில் விழுந்து எழும்போது தொடை கிழிவதைவிட இது மேல்.

சட்டை நாலையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள். முதல் நாள் ஒன்று மட்டும். மறுநாள் அதைப் போட்டுப் பார்த்து, முடிந்தால் ஓட்டலில் துவைத்துக் காயவைத்து, திருத்தி, அந்த அளவில் மீதி மூன்று. பருத்தியும் லினனும் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 64 சென்டிமீட்டர் கையில் அது 2 முதல் 3 சென்டிமீட்டர், அதாவது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே திரிசங்கு. துணியை நனைத்துக் காயவைத்துத் தைக்க அங்கே நேரமில்லை, எனவே கையிலும் உயரத்திலும் கழுத்திலும் கூட விடச் சொல்லுங்கள். கழுத்தில் பொத்தான் போட்டபின் ஒரு விரல் தாராளமாக நுழைந்தால் சரி. கடிகாரம் கட்டும் கையின் கஃப் மற்றதைவிட 1 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்று நீங்கள் சொல்லாமல் யாரும் செய்யமாட்டார்கள். அடர் நிறத் துணி என்றால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேறு நிறம் எடுங்கள்.

ஆவ் யாய் அவர்களுடைய சொந்த உடை, அதனால் அதில் நம்பிக்கையாக இறங்கலாம். உடம்போடு ஒட்டிய நீள அங்கி. இடுப்புக்குச் சற்று மேலேயே இரு பக்கமும் பிளந்து முன்னும் பின்னுமாக இரு வீச்சாகத் தொங்கும், உள்ளே அகலமான கால்சட்டை. இன்றைய ஒட்டிய வடிவம் 1930களில் ஹனோயில் வந்தது. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகக் கை இணையும் முறை 1960களில் சைகோனில் பரவியது. அந்தச் சாய்வுத் தையல்தான் அக்குளில் சுருக்கம் விழாமல் காப்பது. இதில் தளர்வே கிடையாது என்பதால், அன்று போடப்போகும் உள்ளாடையையும் செருப்பையும் போட்டு அளவு கொடுக்க வேண்டும். குதிகால் 2 சென்டிமீட்டர் மாறினால் கால்சட்டை தரையில் புரளும், இல்லை கணுக்கால் தெரியும். நம் பெண்களுக்கு இடிக்கும் இடங்கள் மேல்கையும் கழுத்துப் பட்டையும். அங்கத்திய வழக்கமான இறுக்கத்தில் தைத்தால் கையைத் தூக்கிக் கொண்டை முடிய முடியாது. கையைத் தூக்கி, முன்னால் குனிந்து, உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பிளவு எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் ஊசி குத்திக் காட்டுங்கள், வழக்கமான இடத்தில் இடுப்பின் ஓரம் கொஞ்சம் தெரியும். பூவேலை செய்த துணி, புடவையோடு வரும் ரவிக்கைத் துணி மாதிரி, ஓர் உடுப்புக்கென்று அளந்த துண்டாகவே வரும். உயரமானவர்கள் பூ எந்த இடத்தில் விழும் என்று உடம்பில் வைத்துப் பார்த்தே எடுக்க வேண்டும்.

கவுன்தான் பெரும்பாலும் சொதப்பும். போனில் ஒரு படத்தைக் காட்டுகிறோம். அந்தப் படத்தின் அழகு வெட்டில் பாதி, துணி விழும் விதத்தில் பாதி. கனமான க்ரேப்பில் தைத்ததை மெல்லிய சாட்டினில் தைத்தால் ஒரு மடிப்பும் அந்த மாதிரி நிற்காது. முன், பின், பக்கம் மூன்று படமும் துணியின் பெயரும் வேண்டும். குறுக்குச் சாய்வில் வெட்டிய பாவாடை என்றால் தைத்த பின் ஒருநாளாவது தொங்கவிட்டு, துணி இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிய பிறகுதான் ஓரம் மடித்து அடிக்க வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யமாட்டார்கள். ஊருக்கு வந்து அலமாரியில் தொங்கும்போது ஓரம் கோணலாக இறங்கும். ஆகவே நேர் வெட்டு, எளிய வடிவம், நல்ல துணி. புடவை ரவிக்கையை அங்கே தைக்க நினைக்காதீர்கள். அந்த வெட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை, நம் தெருமுனை டெய்லரே அதில் கெட்டிக்காரர். பட்டுத் துணியை மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம்.

செலவு. கடைக்குக் கடை மாறும் என்றாலும், ஒட்டிய கலப்புத் துணிக் கோட்டு சூட் சுமார் 100 முதல் 150 டாலர், நல்ல கம்பளியில் 200 முதல் 350, கேன்வாஸ் வைத்தால் அதற்கும் மேல். சட்டை 20 முதல் 40. ஆவ் யாய் 50 முதல் 100, அசல் பட்டென்றால் கூடும். கவுன் 50 முதல் 120. நல்ல கம்பளிக் கோட்டு சூட்டோடு நீங்கள் கேட்ட பட்டியலுக்கு 380 முதல் 730 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். 60 டாலருக்குக் கோட்டு சூட் என்று பலகை வைத்திருந்தால் அது பாலியெஸ்டர் என்று நெருப்புக் குச்சி இல்லாமலே சொல்லலாம். மூன்று நான்கு உருப்படி ஒரே கடையில் தைத்தால் 10 சதவீதம் குறைக்கக் கேட்பது நியாயம். அதற்குமேல் அடித்துப் பேச வேண்டாம். ராத்திரி கண்விழித்துத் தைக்கிறவருக்குப் பெரும்பாலும் உருப்படிக் கணக்கில்தான் கூலி, நீங்கள் குறைப்பது கடைசியில் அங்கே போய்த்தான் விழும்.

முன்பணம் பாதிக்குமேல் கொடுக்காதீர்கள், மீதி கடைசி டிரையலுக்குப் பிறகு. விலையை டாலரில் சொல்லி வியட்நாம் நாணயமான டாங்கில் வாங்கும்போது மாற்று விகிதத்தில் சறுக்கும், எனவே டாங்கிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு டாலருக்குச் சுமார் 26,000 டாங். கார்டு தேய்த்தால் 3 சதவீதம் சேர்ப்பது வழக்கம். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் நீல நிறத்திலேயே இருக்கும். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு வருந்துபவர்கள் ஏராளம், சுழியை எண்ணுங்கள்.

பேசும்போது ஒன்று சுலபம். வியட்நாமியத்திலும் நம்மைப் போலவே உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த பெண்ணைச் சீ, அக்கா. மூத்த ஆணை ஆங், அண்ணன். இளையவரை எம். கடைப் பெண் தன்னையே எம் என்று சொல்லிக்கொண்டு உங்கள் மனைவியைச் சீ என்பார். திரும்ப நீங்களும் அப்படிக் கூப்பிட்டால் மூன்றாவது திருத்தத்தை முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

போக, டா நாங் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர், காரில் முக்கால் மணி நேரம். ஹோய் ஆனுக்கு ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. இந்தியர்களுக்கு இ-விசா, அரசின் தளத்தில் 25 டாலர்தான். அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் மூன்று மடங்கு கேட்கும். நாள் கணக்கு இப்படி: முதல் நாள் காலையில் டா நாங் இறங்கும் விமானத்தைப் பிடியுங்கள், மதியத்துக்குள் அளவு கொடுத்தால் அன்றே வெட்டுக்குப் போய்விடும். இரண்டாம் நாள் மாலை முதல் டிரையல், முதல் சட்டையும் அப்போதே. மூன்றாம் நாள் மாலை இரண்டாவது. நான்காம் நாள் காலை கடைசி, அன்று பகல் முழுக்கத் திருத்தத்துக்குக் காலியாக விடுங்கள். சுற்றிப் பார்க்கும் இடமெல்லாம் காலை நேரத்தில். கிளம்பும் நாளில் எந்த வேலையும் வைக்காதீர்கள், விமான நேரத்தை மட்டும் கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். ஐந்தாம் நாள் காலை கிளம்புகிறோம் என்றால் நான்காம் நாள் மாலை என்று சொல்லுங்கள்.

கிடைத்த உடுப்பைக் கடையிலேயே உள்பக்கம் திருப்பி, தொங்கும் நூல், விட்டுப்போன தையல், ஜிப் எல்லாம் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானையும் இழுத்துப் பாருங்கள், மாற்றுப் பொத்தான் இரண்டும் ஒரு சாண் மீதித் துணியும் கேட்டு வாங்குங்கள். பின்னால் கூரியரில் அனுப்புகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அனுப்பும் செலவும் இங்கே சுங்க வரியும் சேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும், பொருந்தாமல் வந்தால் திருப்பவும் வழி இல்லை. கோட்டைப் பெட்டியில் வைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி ஒரு தோளை மற்றொரு தோளுக்குள் செருகி நீளவாக்கில் ஒரே மடிப்பாக மடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அகலமான தோளுள்ள ஹேங்கரில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். சுருக்கம் போக ஆவி காட்டினால் போதும். இஸ்திரிப் பெட்டியை நெஞ்சுப் பகுதியில் நேரடியாக வைத்தால் உள்ளே இருக்கும் பசை இளகிவிடும்.